நாலாவது சட்டி

— மூணு தபா ஆச்சி கமலா. மூணு தபாவும் எண்ணெய் மேல வரல. பாலு மாதிரி வெள்ளையா அப்படியே நிக்குது. ஏன்னு மட்டும் எனுக்குத் தெரிஞ்சாவணும்.

— எனுக்குத் தெரியும் அண்ணி. உனுக்கும் தெரியும். வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கற.

— இன்னா தெரியும்?

— ஆடி மாசக் கடைசியில நான் இந்த ஊட்டுக்கு வந்தேன். அதுக்கு அப்பால ஒரு சட்டி எண்ணெய் ஒழுங்கா எறங்கல. பத்து வருசமா உங்கையில வந்துக்கினு இருந்த வெளக்கெண்ணெய். நான் கால வெச்சேன், நின்னு பூட்ச்சி.

— தோ, ஆரம்பிச்சிட்டா. மூட்டைய மடியில வெச்சிக்கினு பேசாத, கீழ வை. ஒக்காரு. எழுந்து எழுந்து வாசலப் பாக்காத. பஸ்ஸு வந்தா ஆரன் அடிப்பான். அகப்பைய எடுத்து கொஞ்சம் கெளறு, எங்கை ஓஞ்சி போச்சி.

— நான் தொட மாட்டேன். இந்த நாலாவது சட்டியாவது ஒழுங்கா வரட்டும்.

— அப்படிச் சொல்றவ நேத்து ஏன் ஊருக்குப் போவறேன்னு அண்ணங்கிட்ட அழுத?

— அழுவல. கேட்டேன். திருப்பதியில சத்திரத்துல பெருக்கற வேலை கீதுன்னு பக்கத்தூரு லட்சுமம்மா சொல்லி அனுப்பினா. போயி அங்க இருந்துக்கறேன். பெருக்குறதுல கெட்டுப்போவ ஒண்ணும் இல்ல பாரு. கல்லுத் தரைதானே.

— அங்க ஒனுக்கு யாரு கீறாங்க?

— யாரும் இல்லாத எடம்தான் அண்ணி எனுக்கு நல்லது. நகரியில கட்டிக் குடுத்தாங்க. போயி பத்து மாசத்துல அந்த மனுசன் பூட்டாரு. மாவு பொங்கலன்னா நானு, மோரு புளிக்கலன்னா நானு. மாமியா சொல்லச் சொல்ல மொதல்ல கோவம் வந்திச்சி. அப்பால பாத்தா மெய்தான் போலக்கீது. இப்ப இங்க. தெருவுல பேசறத நீ கேக்கலியா?

— கேட்டேன். பக்கத்து ஊட்டு சென்னம்மாகூட சொன்னா. கைராசியாம். கைக்கு ஏதுடி ராசி? கைக்கு நகம் கீது, அழுக்கு கீது, ஒன் கைக்கு வெடிப்பு கீது. எண்ணெய்க்கு நீ தாலியறுத்தவளா, கட்டினவளான்னு தெரியுமா?

— அப்ப ஏன் வரல?

— அத்ததான் கேட்டுக்கினு கீறேன்! இரு, இரு. மொதல்லேர்ந்து வருவோம். ஆமணக்குக் கொட்டமுத்த ஒடச்சி பருப்ப எடுக்கறோம். லேசா வறுக்கறோம். ஒரல்ல இடிச்சி விழுதாக்கறோம். தண்ணியில போட்டுக் கொதிக்க வுடறோம். எண்ணெய் லேசு, தண்ணி கனம். பருப்புக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கற எண்ணெய் சூடு பட்டதும் வெளிய வந்து, தானா மேல ஏறணும். நாம அகப்பையில மொள்ளணும். அவ்ளோதான். இதுல எங்க கெடும்?

— தெரியல.

— மொத சட்டி கெட்டதும், கொட்டை ஈரம்னு நெனச்சேன். மூணு நாள் வெயில்ல போட்டேன். ரெண்டாவதும் கெட்டுது. வறுவல் பத்தலியோன்னு நெனச்சேன், செவக்க வறுத்தேன்.

— செவக்கவா? கருக வறுத்த. ஊடு பூரா நாத்தம்.

— ஆமா, கருகிப் போச்சி. தலைக்குத் தேக்கற எண்ணெய்க்கு அந்த நாத்தம் ஆவாது. லேசா வறுத்தாதான் நெறமும் தெளிவா இருக்கும், தலையில வெச்சா பக்கத்துல கீறவன் மூஞ்சியத் திருப்ப மாட்டான். சரி, மூணாவதுக்கு சட்டியையே மாத்தினேன். ஒன்ன சென்னம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். நீ சட்டியத் தொடல, ஒலக்கையத் தொடல, அடுப்புப் பக்கமே வரல. அப்பவும் பாலாத்தானே நின்னுது? அப்ப ஒங்கைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம், சொல்லு.

— தொட்டேன் அண்ணி.

— எத்த?

— சென்னம்மா ஊட்டுக்குப் போவறதுக்கு முன்னால ரெண்டு கொடம் தண்ணி மொண்டாந்து வெச்சிட்டுப் போனேன். நீ அந்தத் தண்ணியிலதான் காய்ச்சின. சொல்றதுக்கு பயமா இருந்திச்சி. அன்னிக்கித்தான் முடிவு பண்ணேன், போயிடணும்னு. தண்ணியத் தூக்கினதுக்கே இப்படின்னா, இந்த ஊட்டுல நாளைக்கி ஒரு கொழந்த பொறந்தா நான் எப்படித் தூக்குவேன்?

— தண்ணி.

— ஆமா, தண்ணி. ஏன் அப்படிப் பாக்கற?

— இரு, இரு, இரு. கொட்டைய மாத்தினேன். வறுவல மாத்தினேன். சட்டிய மாத்தினேன். தண்ணிய மாத்தலியேடி!

— நானும் அத்ததான் சொல்றேன்.

— நீ சொல்றது வேற, நான் சொல்றது வேற. நீ மொண்ட கைய சொல்ற. நான் மொண்ட கிணத்த சொல்றேன். எந்தக் கிணறு?

— புதுக் கிணறுதான். நம்ம சேரிக்கு வேற எது கீது?

— அது எப்போ தண்ணி குடுத்திச்சி?

— நான் வந்த வாரம். மாலை எல்லாம் போட்டு, தேங்கா ஒடச்சி, ஆபீசரு வந்து மொத கொடம் எடுத்தாரே. நான் கூட்டத்துல பின்னால நின்னேன்.

— நீ வந்த வாரம். நீ வந்ததும் அதே வாரம், கிணறு வந்ததும் அதே வாரம். நாம எல்லாரும் ஒன்னயே பாத்துக்கினு இருந்திருக்கோம்.

— ஏய் செங்கம்மா! இன்னும் இன்னா கிணறு, வாரம்னு பேசிக்கினு? பஸ்ஸு சத்தியவேட்டத் தாண்டியாச்சாம், சைக்கிள்ல வந்தவன் சொன்னான். பாப்பா, மூட்டைய எடு.

— எடுத்துக்கினுதான் கீறேன் அண்ணே. அண்ணி வுட மாட்டேங்குது.

— யோவ், நீ இங்க வா. நீ தோண்டின கிணத்தப் பத்தித்தான் பேச்சு.

— என் கிணத்துக்கு இன்னா?

— அந்தத் தண்ணிதான் எண்ணெயக் கெடுக்குது.

— இன்னா சொன்ன? எந்தத் தண்ணிடி? அது மஞ்சி நீள்ளு! ஆபீசரே சொன்னாரு, தெலுங்குல: நல்ல தண்ணி, இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு ஊத்து இல்லன்னாரு. பங்குனி வரைக்கும் நாம செங்கல்பட்டு ஜில்லா. எத்தினி மனு குடுத்தோம், ஒருத்தன் எட்டிப் பாத்தானா? ஊருக்குள்ள நல்ல கிணறு கீது, நம்மள அண்ட வுட்டானுங்களா? சித்தூரு ஜில்லான்னு ஆன நாலாம் மாசம் தோண்டினோம். முப்பது அடி. பாறைய நான் ஒடச்சேன். தண்ணி பீச்சினப்போ மொத வாய் நான் குடிச்சேன். அந்தத் தண்ணியவா குத்தம் சொல்ற?

— கிணத்தச் சொன்னதும் இம்மாங் கோவம் வருதே. தெருவே தங்கச்சிய சொல்லிச்சே, அப்ப ஏன் வரல?

— அண்ணி, வுடு. அண்ணன் இன்னா செய்யும்.

— நீ வாய மூடு கமலா. யோவ் பாலையா, கோவிச்சிக்காம பதில் சொல்லு. புதுத் தண்ணி வந்ததிலேர்ந்து கொழம்புக்குப் போடற பருப்பு எப்படி வேவுது?

— இன்னா கேள்வி இது? கொதி வந்ததும் கொழயுது. பழைய தண்ணியில நாள் பூரா எரிச்சாலும் கொட்டை கொட்டையா நிக்கும். துன்னா வயித்து நோவு.

— சவுக்காரம்?

— நுரை பொங்குது. முன்னெல்லாம் தேச்சா தயிரு மாதிரி திப்பி திப்பியா பிரிஞ்சி மெதக்கும்.

— அண்ணி, தலைகூட. சீக்காய் போட்டா இப்ப முடி வழுவழுன்னு கீது. அந்தத் தண்ணியில குளிச்சப்போ தேங்கா நாரு மாதிரி நிக்கும்னு நீதான சொன்ன.

— பாத்தீங்களா? பழைய தண்ணி எதையும் தன்னோட சேர வுடாது. பருப்பக் கரைய வுடாது, சவுக்காரத்தத் தயிராக்கி வெளிய தள்ளும். அதே மாதிரி எண்ணெயையும் தள்ளிச்சி. மேல வா மேல வான்னு வெரட்டிச்சி. புதுத் தண்ணி எல்லாத்தையும் சேத்துக்குது. விழுதையும் எண்ணெயையும் சேத்துக் கட்டிப் புடிச்சிக்கினு பாலா நிக்குது. பத்து வருசமா நான் கெட்டிக்காரின்னு நெனச்சிக்கினு இருந்தேன். எண்ணெய எடுத்தது அந்தப் பாழுங் கிணறு.

— அலாகே, சரி. மெய்யாவே இருக்கட்டும். இப்ப இன்னா செய்வ? பழைய கிணறு எங்க கீது? புதுசு தோண்டின மண்ண முழுக்க அதுலதான கொட்டினோம். மேல நின்னு ஆடினானுங்க பசங்க.

— தெரியும். ஒரு கொடம்கூடக் கெடைக்காது.

— அப்ப முடிஞ்சிது. பாப்பா, எழுந்திரு.

— முடியல. அந்தத் தண்ணியில அப்படி இன்னாதான்யா இருந்திச்சி?

— இன்னா இருந்திச்சி? உப்பு! வாயில வெக்க முடியாத உப்பு. வேற இன்னா?

— கமலா, அந்த மரப் பானைய எடு.

— எது? உப்பு வெச்சிருக்கறதா?

— அதேதான். அள்ளி சட்டியில போடு.

— நான் போட மாட்டேன். நீ போடு அண்ணி.

— நான் போட்டா எண்ணெய் வரும். ஆனா நீ பஸ்ஸு ஏறிடுவ. அண்ணி கையில வந்திச்சி, எங்கை படலன்னு காலம் பூரா சத்திரத்துல சொல்லிக்கினு கெடப்ப. நீயே போடு. வரலன்னா நானே ஒன் மூட்டையத் தூக்கியாந்து பஸ்ஸுல ஏத்தறேன்.

— அண்ணே, நீ சொல்லு.

— போடேன் பாப்பா. ஏற்கெனவே கெட்ட சட்டி. இதுக்கு மேல கெட இன்னா கீது?

— நல்லா ஆறுதல் சொல்ற மனுசன்.

— போட்டுட்டேன். கெளறுறேன். ஒண்ணும் ஆவல அண்ணி. பாரு, அதே வெள்ளை.

— எவ்ளோ போட்ட?

— ரெண்டு வெரல்ல கிள்ளி.

— கொழம்புக்கு ருசி பாக்கறியா? அங்க ஒரு கிணறு பூரா உப்பு இருந்திச்சி. ஒரு பிடி அள்ளு. இதுல நாலு படி பருப்பு வெந்துக்கினு கீது. கூச்சப்படாம போடு.

— எங்கை வெடிப்புல எரியுது.

— எரியட்டும், போடு. வெறகத் தள்ளு பாலையா, கொதி அடங்கக் கூடாது.

— தோ, கேட்டுதா ஆரன்? வளைவுல திரும்பறான். நான் ஓடிப்போயி நிறுத்தறேன்.

— போ, போ. நீ கெளறு கமலா. ஓரமா, மெதுவா. கலக்காத. அடியிலேர்ந்து ஒரு சுத்து வுட்டுட்டு நிறுத்து.

— அண்ணி.

— இன்னா?

— பாலு திரியற மாதிரி கீது. வெள்ளையெல்லாம் துண்டு துண்டா கீழ போவுது.

— அகப்பைய எடுத்துடு. சும்மா பாரு.

— ஓரத்துல ஒரு கண்ணு. மஞ்சளா. இன்னொண்ணு. ரெண்டும் ஒட்டிக்குது. அண்ணி, எல்லாம் ஒண்ணா சேருது!

— சேரட்டும். நீ மூச்சு வுடு.

— நிறுத்தியாச்சி! கண்டக்டரு திட்டறான். புரட்டாசிக் கூட்டம், பஸ்ஸுல நிக்க எடமில்ல, சீக்கிரம் வான்னு… இன்னாடி இது?

— கண்ணு தெரியலியா? எண்ணெய்.

— ஒரு வெரல் தடிமனுக்கு நிக்குதே! ஆனா செங்கம்மா, உப்பப் போட்டியே, இது இனிமே கொழம்புக்கா தலைக்கா? நம்ம எண்ணெய வாங்கி திருப்பதி மலையடியில விக்கற அலிபிரிக் கடை தாமோதரன் கேப்பானே. மலை ஏறி எறங்கி குதிகால் பொளந்து கீறவனுக்கு இத்தத் தடவினா துள்ளிக் குதிப்பான். மொட்ட போட்ட கொழந்த மண்டையில வெயிலு பட்டு தோலு உரிஞ்சிருக்கும், அதுல உப்பா?

— நல்ல கேள்வி. உப்பு தண்ணியில கரையும். எண்ணெயில கரையாது. எல்லாம் கீழத் தண்ணியோட நின்னுடும். மேல இருக்கறத மட்டும் மொண்டு தனியா காய்ச்சணும். மிச்ச ஈரம் சடசடன்னு வெடிச்சிப் போவும். சத்தம் நின்னா தண்ணி போச்சின்னு அர்த்தம். கமலா, இரும்புக் கரண்டியில கொஞ்சம் மொண்டு நெருப்புல காட்டு.

— காட்டறேன். வெடிக்குது.

— காது குடு. கண்ண நம்பாத.

— கொறயுது… இன்னும் ஒண்ணு ரெண்டு… நின்னுடிச்சி.

— ஆற வுடு. ஆறிடிச்சா? இப்ப ஒன் கையிலயே தடவு. வெடிப்புல. கொஞ்ச முந்தி உப்பு பட்டு எரிஞ்சிதே, அதே எடத்துல.

— தடவறேன்.

— இன்னா பாப்பா? எரியுதா? சொல்லேன், கண்டக்டரு கத்தறான்!

— எரியல. வழுவழுன்னு உள்ள எறங்குது. எரியவேல்ல.

— அப்ப ஏன் அழுவற?

— நகரியிலயும் எதாவது ஒண்ணு மாறியிருக்கும் இல்ல அண்ணி? மாவுலயோ, பானையிலயோ. யாரும் தேடிப் பாக்கல. நானும் பாக்கல.

— பாப்பா, வரியா இல்லியா? அவனுக்கு நான் இன்னான்னு சொல்றது?

— போவச் சொல்லு அண்ணே. எங்கையில ஒண்ணும் இல்ல, தண்ணியில உப்பு இல்ல, அவ்ளோதான். நாலு படி பருப்புக்கு ஒரு பிடி உப்பு போட்டுக் கொதிக்க வெச்சா எண்ணெய் தனியா மேல வந்துடும்.