பேத்தி ரூமுக்குத் தைச்ச திரை

கிழியலைண்ணே! கிழிஞ்சாத்தான் திருப்பி எடுப்பீங்களா? சாயம் போகலை, தையல் விடலை, மாட்டுற வளையம் எட்டும் எட்டா இருக்கு. நான் எங்க இல்லேன்னேன்? ஆனா வேலை செய்யலையே! மூணு அடுக்குத் துணி, பட்டப்பகல்ல கூட கையைக் கண்ணுக்கு நேரா நீட்டினா தெரியாதுன்னு சொல்லித்தானே வித்தீங்க? தெரியலைதான். ஒத்துக்குறேன். ஆனா கொழந்தை தூங்கலையே!

எங்கயோ ஊசி முனையளவுக்கு ஓட்டை இருக்குண்ணே. விரிச்சு அந்த டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க... இல்ல, அந்த மூலை. அதுக்குக் கீழ... இல்லையா? நல்லாப் பாருங்க. நான் ஏணி போட்டு ஏறி, கண்ணை ஒட்டி வச்சுப் பாத்தேன், எனக்கும் தெரியலை. ஆனா இருக்கணும். வேற எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேன், மிச்சம் இருக்கறது உங்க திரை ஒண்ணுதான்!

அவசரமா? ஆமாண்ணே, அவசரந்தான். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல எம்பொண்ணு கொழந்தையத் தூக்கிக்கிட்டு மாமியார் வீட்டுக்குக் கெளம்புறா. பை கட்டி வாசல்ல வச்சாச்சு. "அப்பா, இங்க வந்து இருபது நாளாச்சுப்பா, ஒரு ராத்திரி கூட தூங்கலை, என்னால முடியலை"ங்குறா. கோவமா சொன்னாக்கூட பதிலுக்குக் கத்தலாம். சிரிச்சுக்கிட்டே சொல்றா.

கொழந்தைக்கு அஞ்சு மாசம். பொடிசுன்னு கூப்புடுவோம். ஆளு பொடிசு, தொண்டை லாரி ஹாரன். பகல் பூரா சொக்கத் தங்கம்ணே! யாரு தூக்கினாலும் போவும், சிரிக்கும், மூக்கைப் பிடிச்சு இழுக்கும். ஹால்ல டிவி அலறும், பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துல ஆணி அடிப்பான், இது பாட்டுக்கு என் தோள்ல தூங்கும். அந்த ரூமுக்குள்ள போனாத்தான் வினை. நான் பாத்துப் பாத்துக் கட்டுன ரூம்ணே அது!

இப்படி உக்காருறேன். டூட்டி முடிஞ்சு நேரா வரேன், காலு நிக்கலை. தண்ணி பம்பு ஹவுஸ்ல வேலை. ராத்திரி ஷிப்டு மட்டுந்தான், இருபத்திரெண்டு வருஷமா. நீங்கல்லாம் கொழாயைத் திறந்து மூஞ்சி கழுவுறீங்கல்ல, அந்தத் தண்ணிக்குப் பின்னாடி ஒருத்தன் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கான். அது நான்தான்.

அதனால தூக்கத்தைப் பத்தி எங்கிட்ட யாரும் பாடம் எடுக்க முடியாது. சோத்துக்கு இல்லாதவன்கிட்ட போய் சோறு எப்படி இருக்கும்னு கேளுங்க, எப்படி வர்ணிப்பான்! அதுமாதிரி. பகல்ல தூங்குறது தூக்கமா? மூஞ்சில துண்டைப் போட்டுக்கிட்டு வெயிலோட மல்லுக்கட்டுறது. படிப்பு எட்டாவதோட நின்னு போச்சு, ஆனா டூட்டியில உக்காந்து உக்காந்து படிச்சேன். மூளைக்கு எத்தனை மணிக்கு மந்தம் தட்டும், இருட்டுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் அத்துப்படி. பொண்ணு உண்டாயிருக்கான்னதும் என் ரூமையே காலி பண்ணிட்டேன். நான் ஹால்ல கட்டிலைப் போட்டுக்கிட்டேன்.

மொதல்ல சுவரு. ரோஸ் கலர் அடிக்கலாம்னா எம்பொண்டாட்டி. கொழந்தை கண்ணைத் திறந்தா கலர் பேசக்கூடாதுடின்னேன். மழை மேகம் மாதிரி ஒரு சாம்பல். "ஏங்க, இது ரூமா குகையா?"ன்னா. குகையிலதான்டி கரடி ஆறு மாசம் தூங்குதுன்னேன். கதவுக் கீலுக்கு எண்ணெய். ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தடவை 'டொக்'குங்கும், கழட்டி ரெண்டு பேரிங்கையும் மாத்துனேன். சுவிச்சு 'டிக்'குங்குதுன்னு சத்தம் வராத சுவிச்சு. கடிகாரத்துல பேட்டரியை உருவிட்டேன். தொட்டில்ல கெட்டி மெத்தை மட்டுந்தான். தலகாணி கூடாது, பொம்மை கூடாது. கதவிடுக்குல வெளிச்சம் வராம துணிச் சுருணை. கடைசியா உங்க திரை.

பரிசோதனையும் பண்ணிப் பாத்தேண்ணே! கொழந்தை வர்றதுக்கு முன்னாடி நானே உள்ள போய்த் தரையில படுத்தேன். ஒம்பது மணி நேரம்! எம்பொண்டாட்டி வந்து மூக்குல கை வச்சுப் பாத்திருக்கா, ஆளு இருக்கானா போயிட்டானான்னு. என்னையே தூங்க வச்ச ரூம், பால் குடிக்கிற கொழந்தையத் தூங்க வைக்காதா?

சத்தமா? நல்ல கேள்வி கேட்டீங்க. அங்கதான் நான் யாரும் செய்யாத ஒண்ணு செஞ்சேன். கொழந்தைக்கு ஒரே மாதிரி 'ம்ம்ம்'னு ஓடுற சத்தம் வேணும். வயித்துக்குள்ள இருந்தப்ப கேட்டுக்கிட்டிருந்த மாதிரி. அதுக்குக் கடையில மெஷின் விக்கிறான். நான் எதுக்கு வாங்கணும்? உலகத்துலயே அருமையான 'ம்ம்ம்' என் பக்கத்துல ஓடுது! ரெண்டாம் நம்பர் மோட்டார். அம்மா மடியில படுத்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் போன்ல பதிஞ்சேன். பழைய போன் ஒண்ணுல ஏத்தி பீரோ மேல வச்சு, முழுச் சத்தத்துல திருப்பித் திருப்பி ஓட விட்டிருக்கேன். நான் படுத்துப் பாத்த அன்னைக்கும் இதுதான் ஓடுச்சு. இந்தா, இதுலயும் இருக்கு. உங்க மேஜை மேல வைக்கிறேன், கேளுங்க... ஆஹா! எப்படி? உங்களுக்கே கண்ணு சொருவுதுல்ல?

அளந்துக்கிட்டே கேளுங்க. நான் உங்க வேலையக் கெடுக்கலை.

சம்பந்தியம்மா ஒரு ராத்திரி வந்து தங்கினாங்க. காலையில மூஞ்சி வெளிறிப் போயி, "இந்த ரூம்ல யாரோ ஒரு ஆம்பளை நடமாட்டம் இருக்கு. நான் என் காதால கேட்டேன். கொழந்தைய இங்க வைக்காதே"ன்னுட்டாங்க. பேயாம்! நான் காசு குடுத்து வாங்குன பெயிண்டுக்குள்ள பேயாம்! பேத்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகணும், அதுக்கு ஒரு கதை. எனக்கா தெரியாது?

எனக்கு எம்பொண்ணு போறதுல வருத்தம் இல்லண்ணே... இருக்கு. இல்லாம என்ன. இவ சின்னப் பொண்ணா இருந்தப்ப நான் பகல்ல தூங்குவேன். வீட்டுல எல்லாரும் பூனை மாதிரி நடப்பாங்க. "சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு." நாலு வயசுல பாத்திரத்தை ஒண்ணு மேல ஒண்ணு சத்தமில்லாம அடுக்கி வெளையாடுவா. சிரிச்சாக்கூட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. இன்னும் அப்படித்தான் சிரிக்கிறா, பாத்திருக்கீங்களா... நீங்க எங்க பாத்தீங்க. என் தூக்கத்துக்காக அவ்வளவு பண்ணுன பொண்ணு. அவ புள்ளையோட தூக்கத்துக்கு நான் ஒரு ரூம் பண்ண மாட்டேனா?

என்னண்ணே! எதுக்குத் துள்ளுறீங்க? டேப்பு கீழ விழுந்துடுச்சு பாருங்க. யாரும் வரலையே... வாசல்ல ஒருத்தரும் இல்ல. உங்களுக்கும் தூக்கம் பத்தலை போல. எங்க விட்டேன்?

ஆங், தூக்கம். டூட்டியில தூங்குறது பெரிய குத்தம். ஒரு தடவை ஒரு ஆப்பரேட்டர் அசந்துட்டான், மேல்தொட்டி நெறைஞ்சு வழிஞ்சு மூணு தெரு முழங்கால் தண்ணி. யாரு அந்த ஆப்பரேட்டர்னு கேக்காதீங்க. கேக்க மாட்டீங்க, நல்ல மனுசன். அதுலேருந்து எங்க இஞ்சினியர் ஒரு சட்டம் போட்டாரு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுலேருந்து வாச்மேன் பஸ்ஸர் அடிப்பான். நான் பதில் சொல்லணும். மோட்டார் சத்தத்துக்கு மேல கேக்கணுமே, அடித்தொண்டையிலேருந்து...

என்ன, என் போனை எடுக்குறீங்க? நல்லா ஓடிக்கிட்டிருக்கு, பதிஞ்சதை ஏன் பின்னாடி ஓட்டுறீங்க? இருங்கண்ணே, அதைத் தொடாதீங்க... என்னத்தைக் கேளுங்குறீங்க? மோட்டார் சத்தந்தான். சரி, கேக்குறேன்.

...

இன்னொரு தடவை போடுங்க.

...

அட கடவுளே! பஸ்ஸரு! "முழிச்சிருக்கேன்!" அது நான்ணே! அது என் தொண்டை! ஒரு மணி நேரத்துக்கு மூணு தடவை! கொழந்தை கண்ணு சொருகும் நேரம் பாத்து பீரோ உச்சியிலேருந்து, "முழிச்சிருக்கேன்!" அடப் பாவி மனுசா! பேயி நான்தானா! சம்பந்தியம்மாவ நான் என்னென்ன பேசிட்டேன்!

எனக்குக் கேக்கவே இல்லையேண்ணே! ஒம்பது மணி நேரம் அதுக்குக் கீழதானே படுத்திருந்தேன்! சிரிக்காதீங்க... சரி சிரிங்க, எனக்கே வருது. இருங்க, போன் போடுறேன்.

அம்மாடி... நாந்தான். பீரோ மேல இருக்குல்ல போனு, அதை நிறுத்து. மொத்தமா நிறுத்து. நிறுத்திட்டு பொடிச தொட்டில்ல போடு. ஏன்னு அப்புறம் சொல்றேன்... சத்தம்டா. என் சத்தம். அந்த பஸ்ஸரும், நான் கத்துறதும்... ஆமா... சரி. சரிடா. வச்சுடுறேன்.

எம்பொண்ணு என்ன கேக்குறா தெரியுமாண்ணே? "எந்தச் சத்தம்ப்பா?"ங்குறா. அவ தொட்டிலுக்குப் பக்கத்துலதான் படுக்குறா. அவளுக்கும் கேக்கலை. நான் பகல்ல தூக்கத்துலயும் அப்படித்தான் கத்துவேனாம். நாலு வயசுலேருந்து கேட்டுக் கேட்டு, அது அவளுக்குச் சுவத்துக் கடிகாரம் மாதிரி ஆயிடுச்சாம். "அப்பா வீட்டுல இருக்காருன்னு தெரியும், அவ்வளவுதான்"ங்குறா. வீட்டுலயே அந்தச் சத்தத்துக்குப் புது ஆளு பொடிசு ஒண்ணுதான்.

இப்பத்தான் தொட்டில்ல போட்டிருக்கா. இருபது நிமிஷம் பாப்பாளாம். முழிச்சுக்கிட்டா போன் பண்ணுவா, அஞ்சு மணி பஸ்ஸு. பண்ணலைன்னா பையைப் பிரிச்சுடுறேன்னிருக்கா.

திரை? திரைக்கு என்ன, தங்கமான திரை! மடிச்சு வைங்க, எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் இந்த பெஞ்சுல ஒரு ஓரமா சாஞ்சுக்குறேன். போனு உங்க மேஜையிலயே இருக்கட்டும். அடிச்சா எழுப்புங்க. அடிக்கலைன்னா விட்டுடுங்கண்ணே...

நடுவுல நான் கத்துனா கண்டுக்காதீங்க.