அவர் பேரில் ஒரு ஃபோல்டர்

வேங்கிக்கால் இ-சேவை மைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், கூட வந்தவரிடம் சொன்னாள்:

"அந்த ஃபோல்டரை டிலீட் பண்ணாலும் திரும்ப வந்துடுதுண்ணா. அவர் பேர்லயே."

கூட வந்தவர் அவளுடைய இறந்துபோன கணவரோடு வேலை பார்த்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அவன் புரோகிராம் எழுதின எடிட்டரோட செட்டிங்ஸை அப்படியே உன் லேப்டாப்ல போட்டுக்கிட்ட இல்லம்மா? எடிட்டர் தானா உண்டாக்கற ஃபைலெல்லாம் அவன் பேர் போட்ட இந்த ஃபோல்டர்லதான் இருக்கணும்னு அதுல ஒரு வரி எழுதி வெச்சிருக்கான். ஃபோல்டர் இல்லன்னா அதுவே புதுசா உண்டாக்கிக்கும்."

"நான் திறக்கும்போதெல்லாமா?"

"ஆமா. அந்த வரியில உன் பேரைப் போட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை, இன்னைக்கே மாத்திக் குடுத்துடறேன்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. வாரிசு சான்றிதழ் விண்ணப்பத்தை அவள் மார்போடு பிடித்திருந்தாள்.

"இந்த சர்டிஃபிகேட் வந்துட்டா வண்டி, கேஸ், வீட்டு கரண்ட் எல்லாத்துலயும் அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுடுவாங்க. இந்த ஃபோல்டர் ஒண்ணாவது இருக்கட்டும்ண்ணா."

"டிலீட் பண்ணாம விட்டா லேப்டாப்ல இடம் ஜாஸ்தி எடுத்துக்கும்மா."

"எடுத்துக்கட்டும்."