தள்ளினால் திறக்கும்

உள்ளே வரும்போது இந்த அறைக் கதவை நீங்கள் முதலில் இழுத்தீர்கள், சார். அது தள்ள வேண்டிய கதவு. வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். நிதானமாக இருப்பவன்தான் இழுத்தும் பார்ப்பான். பயந்தவன் தள்ள மட்டுமே செய்வான். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது இழுப்பதற்கு இடமும் இருக்காது. என் தொழிலே இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

தையல் கூடத்தில் சிக்கிக்கொண்ட தாழ்ப்பாளைப் பற்றி நிபுணர் என்ற முறையில் கருத்துக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

அவசர வழிக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்கும். அதில் கை பட்டாலும் சரி, இடுப்பு இடித்தாலும் சரி, ஓரத்திலுள்ள இரும்பு நாக்கு தன் கூட்டுக்குள் போய்விடும், கதவு வெளிப்பக்கம் திறக்கும். இதுவரை பழைய சங்கதி. பழைய தாழ்ப்பாள்களில் நாக்கு தளர்ந்து கடகடவென்று ஆடும். வெளியிலிருந்து நெம்பித் திறந்துவிடவும் முடியும். நான் நாக்குக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகினேன். ஆட்டம் நின்றது. அதற்குத்தான் எனக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் இறுக்கமாகப் பொருந்துகிற எதற்கும் ஒரு ஆபத்து உண்டு. இரும்பு சூடானால் உப்பும். தீப்பிடித்த அறையில் நாக்கு உப்பிக் கூட்டுக்குள் இறுகிப்போனால் யானை வந்து தள்ளினாலும் திறக்காது. அதனால் என் தகட்டைச் சீக்கிரம் இளகுகிற ஒரு கலப்பு உலோகத்தில் செய்தேன். கொதிக்கிற எண்ணெயின் சூட்டிலேயே அது உருகி வழிந்துவிடும். அது விட்டுப்போன இடம் நாக்குக்குக் கிடைக்கும். அழகான ஏற்பாடு, சார். தகடு தானே கரைந்து வழிவிடுகிறது.

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு இத்தனை வருஷம் வேறு யாரும் அதைச் செய்யாமல் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஒளித்தது தெரிந்தால் ரத்து. நான் விண்ணப்பத்தில் 'ஒரு மெல்லிய தகடு' என்று மட்டும் எழுதினேன். எந்த உலோகம், எதற்காக என்று எழுதவில்லை. நன்றாகச் சமைப்பவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் பக்குவம் சொல்லுவார்கள், ஒன்றை மட்டும் கையோடு வைத்துக்கொள்வார்கள். அதைப் போலத்தான்.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். என் பட்டறையில்தான் இருந்தார். ஒரு மனஸ்தாபத்தில் பிரிந்துபோய்த் தனிப் பட்டறை வைத்து, என் தாழ்ப்பாளையே செய்து விற்க ஆரம்பித்தார். தகட்டை மட்டும் நல்ல எஃகில் செய்திருந்தார். ஏமாற்றுவதற்காக இல்லை, என்னுடையதைவிட அது விலை கூடியது. தகடு இடைவெளியை அடைக்கிற வெறும் அண்டைக்கொடுப்பு என்று நினைத்துவிட்டார்.

வழக்கு போட்ட பிறகு நீதிமன்ற வராந்தாவில் எதிர்ப்பட்டார்.

"என்ன மச்சான், ஒரு தகட்டுக்கா இவ்வளவு ரகளை? உங்க தகட்டுல மட்டும் மந்திரிச்சா வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு அதைச் செய்யத் தெரியாது மாப்பிள்ளை," என்றேன்.

"தெரியாமத்தான் ஊர்ல பாதிக் கதவுல மாட்டியிருக்கேனா? போங்க மச்சான், போய்க் காபி குடிங்க. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு."

அதற்கு முன்பே அவருடைய தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்து, என்னுடையதோடு சேர்த்துப் பட்டறை உலையில் வைத்துப் பார்த்திருந்தேன். என்னுடையது திறந்தது. அவருடையது திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வழக்கில் ஜெயித்தேன். அவர் காப்பியடித்தார் என்பதில் நீதிபதிக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த கேள்வி, என்ன பரிகாரம் கொடுப்பது என்பது. மாட்டியதையெல்லாம் கழற்றி அழிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஜெயித்தவர் கேட்டதையெல்லாம் நீதிமன்றம் கொடுத்துவிடுவதில்லை, சார். கழற்றினால் யாருக்கு என்ன கஷ்டம், கழற்றாவிட்டால் யாருக்கு என்ன கஷ்டம், அந்த நஷ்டத்தைப் பணத்தால் சரிக்கட்ட முடியுமா, நடுவில் பொதுஜனத்துக்குக் கேடு வருமா என்று தராசில் போட்டுப் பார்ப்பார்கள். அவருடைய தாழ்ப்பாள்கள் விடுதிகளிலும் தொழிற்கூடங்களிலும் இருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கினால், வேறு மாட்டும்வரை அவசர வழிகளுக்கு என்ன கதி என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி.

நீதிபதியின் மேசையில் இரண்டு தாழ்ப்பாள்களும் இருந்தன. இரண்டையும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். டக். டக்.

"கண்ணக் கட்டிவிட்டா எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களையே கேக்கிறேன். ரெண்டுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கா? இது ஆபத்தானதுன்னு சொல்லுங்க, இன்னிக்கே கழற்றச் சொல்லிடறேன்."

கவனியுங்கள் சார், எவ்வளவு நேர்மையான கேள்வி. நான் கேட்டது முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு நீட்டுகிறார். ஆனால் வித்தியாசம் எதில் என்று சொன்னால், விண்ணப்பத்தில் ஏன் எழுதவில்லை என்பார்கள். காப்புரிமை போய்விடும். மாப்பிள்ளை மறுநாளே என் தகட்டை மாட்டிக்கொண்டு என் கண்ணெதிரில் விற்பார்.

"ஒரு இழைகூட வித்தியாசம் இல்லைங்க," என்றேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னது.

அதை நம்பித்தான் அவர் தீர்ப்பு எழுதினார். புதிதாகச் செய்யக்கூடாது, மாட்டியவை தேயும்வரை இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு தொகை, எங்கெங்கே இருக்கின்றன என்று நான் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடைத்த சாட்சியத்தை வைத்து நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அப்படித்தான் அந்தத் தையல் கூடத்துக்குப் போனேன். என் தங்கைதான் அங்கே மேற்பார்வை. வழக்கு ஆரம்பித்ததிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்று அவளாகவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நூல் தூசி அவள் தலைமுடியெல்லாம் படிந்திருந்தது.

"அண்ணா, உங்க சண்டை எப்படியோ போகட்டும். இவரு செஞ்சது நல்லாத் திறக்குமா? இத்தனை பொண்ணுங்க இருக்காங்க. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

சத்தியம் செய்து சொன்னதற்கு மாறாக வெளியே பேச முடியாது. "என்னோடது மாதிரியேதான்மா," என்றேன்.

சிரித்தாள். "அப்பாடா. இதுக்கா கோர்ட்டுக்குப் போனீங்க ரெண்டு பேரும்? எருமை மாடுங்க." பிறகு தையல்காரிகளிடம் திரும்பினாள். "கேட்டீங்களா? எங்க அண்ணனே சொல்லிட்டாரு."

இஸ்திரி மேசைப் பக்கம் ஒயர் பற்றிக்கொண்டது பட்டப்பகலில். நீங்கள் சேகரித்ததைத்தான் சொல்கிறேன். அந்தக் கூடத்துக்கு இரண்டு வழி. பின்பக்கம் சுருட்டுக் கதவு, சங்கிலி இழுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். பக்கச் சுவரில் மாப்பிள்ளையின் தாழ்ப்பாள் மாட்டிய கதவு, இஸ்திரி மேசைக்கு அருகில். சிலர் சுருட்டுக் கதவுக்கு ஓடினார்கள். பிழைத்தார்கள். என் தங்கையோடு பக்கக் கதவுக்குப் போனவர்கள் பிழைக்கவில்லை, அவளும்தான். அவர்களில் ஒருத்தி உங்களிடம் சொல்லியிருக்கிறாள்: "அக்காதான் கையப் புடிச்சு இழுத்தாங்க. அது லேட்டாகும், இது தள்ளினா திறக்கும், எங்க அண்ணன் சொல்லியிருக்காருன்னாங்க. நான்தான் கையை உதறிட்டு ஓடிட்டேன்."

மறுநாள் என் வக்கீலுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி மேல்முறையீடு செய்து ஜெயிக்க, பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்றைக் காட்ட வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது காட்டலாம் இல்லையா என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தம். உலையில் சோதித்தபோது எடைக்கல் வைத்துத்தான் கம்பியை அழுத்தினேன், சத்தமே இல்லை. அதனால் கதவு திறக்காதபோது உள்ளங்கைகள் என்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிகிறது. வீட்டில் எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன். திறந்து கிடக்கிற கதவிலிருந்தும் அது கேட்கிறது. தினமும் மாப்பிள்ளையின் தாழ்ப்பாளை உலையில் வைத்து என் கையாலேயே தள்ளிப் பார்க்கிறேன். கையில் இந்தக் கட்டு அதனால்தான். ஒரு தடவையாவது திறக்குமா என்று பார்க்கிறேன்.

மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீதிபதி கேட்டபோதும் தெரியும், என் தங்கை கேட்டபோதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும், சார். உங்கள் அறிக்கையை நாலு பேர் படிப்பார்கள். சிக்கியது என்னுடைய தாழ்ப்பாள் இல்லை என்று அதில் தெளிவாகப் போட்டுவிடுங்கள்.