கொக்கி காலியாக இருந்தால்

மலையேறப் போகிறவர்கள் உபரியாக ஒரு ஜோடி காலுறை எடுத்துப்போவது நல்லது. காட்டுக்குள் எப்படியும் ஈரம் ஏறிவிடும். நான் எடுத்துப்போயிருந்தேன். என் மச்சினன் எடுத்துவரவில்லை. என்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

தொட்டதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. என் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. பழுதுக்கு வரும் பிரேம்களில் மூக்குப் பக்கம் பச்சையாய்ப் படிந்த அழுக்கு, காதுப் பக்கம் ஒட்டிய பிசுக்கு, எல்லாவற்றையும் ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, கையைக் கழுவி அதே மேசையில் சாப்பிடுகிறவன். ஊரார் அழுக்கு எனக்குப் பழக்கம். வீட்டுக்குள் வந்த அழுக்குதான் பழகவில்லை.

மனைவியின் தம்பி, வேலை தேடி ஒரு வாரம் தங்குவதாக வந்தான். வேலை கிடைத்தது, ஆள் கிளம்பவில்லை. சோபாவின் கைப்பிடியில் கால் நகம் வெட்டிப்போட்டான். சாப்பிட்ட கையை ஜன்னல் திரையில் துடைத்தான். ஒருநாள் காலையில் என் பல் தேய்க்கும் பிரஷ் ஈரமாக இருந்தது. கேட்டால், "அவசரத்துக்கு எடுத்தேன் அத்தான், நாம என்ன வேத்து ஆளா?" என்றான். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "சின்ன வயசிலேர்ந்தே அவன் அப்படித்தான், கண்டுக்காம விடுங்க" என்றாள்.

அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. என்மேல் உயிரையே வைத்திருந்தான். மலைக்கு நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். அவன் ஒட்டிக்கொண்டான்.

அந்த மலைப்பாதை ஒரு வட்டம். கீழே காவலாளியின் அறையில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி, மேலே புல்வெளியைச் சுற்றிவிட்டு அந்த அறைக்கே வந்து முடியும். அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தகர வில்லை. ஏறுகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், இறங்கியதும் மாட்ட வேண்டும். மேலே போன் எடுக்காது என்பதால் இந்த ஏற்பாடு. "ஒரு கொக்கி காலியா இருந்தாலும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன் சார், டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தேடி வந்துடுவேன்" என்றார் காவலாளி. மச்சினன் வில்லையை வாங்கிய கையோடு வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கினான். பேனாவோ சாவியோ, கையில் அகப்பட்டது எதுவும் அவன் வாய்க்குத்தான் போகும்.

காடு முடியும்வரை அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் என் பிடரிக்குப் பின்னாலேயே வந்தது. என் தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தான். உள்ளே ரொட்டித் துணுக்குகள் மிதந்தன. அதன்பிறகு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

புல்வெளியில் அடித்தது ஆளைத் தள்ளுகிற காற்று. மற்றவர்கள் எல்லாரும் முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவன் காறித் துப்பினான். காற்று அதை அப்படியே கொண்டுவந்து என் கண்ணாடியில் அப்பியது. ஒரு கண்ணில் மலையும் வானமும் மஞ்சளாக வழிந்தன. திரும்பிப் பார்த்து, "காத்து பண்ணின வேலை அத்தான், என்னைத் திட்டாதீங்க" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்னால் எட்டு வைத்தவன், புல் மூடியிருந்த குழியில் காலை விட்டான். கணுக்கால் முறிந்த சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது.

இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் அவனைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

தோளில் தாங்கிக் கூட்டிவந்திருக்கலாமே என்பீர்கள். வலியில் அழுது, மூக்கு வாய்வரை ஒழுகியிருந்தது. அந்த முகத்தை என் கழுத்தில் சாய்த்துக்கொண்டு இறங்க என்னால் ஆகாது, அது என் உடம்பின் குறை. "குளிருது அத்தான்" என்றான். என் பையில் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. அவன் போட்டுவிட்டால் பிறகு நான் அதைப் போட முடியாது. புது ஸ்வெட்டர்.

"நான் போய்க் காவலாளியைக் கூட்டிட்டு வரேன். உன் வில்லையைக் கொடு, அவர்கிட்ட காட்டணும்" என்றேன். வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "பார்த்து மெதுவாவே இறங்குங்க, நீங்க இருக்கும்போது எனக்கென்ன" என்றான்.

அன்று கூட்டம் அதிகம். யார் யாரோடு ஏறினார்கள் என்பது காவலாளிக்கு நினைவில்லை. கதவைப் பூட்டும் முன், "எல்லாரும் வந்தாச்சா சார்?" என்று கேட்டார். "பலகையைப் பாருங்களேன்" என்றேன். பார்த்தார். ஒரு கொக்கியும் காலியில்லை. நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினார். நானும் வந்துவிட்டேன். அவள் தம்பி யாரோ நண்பன் வீட்டில் தங்கிவிட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். சோபாவைத் துடைத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் ஏறியவர்கள் பார்த்தபோது குளிரில் விறைத்துச் சுருண்டு கிடந்தானாம், காலில் என் காலுறைகளோடு. அவற்றை எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.

வில்லையை வேண்டுமென்றே மாட்டினாயா என்பதுதானே உங்கள் கேள்வி. அலுத்துக் களைத்து இறங்கியவன், புத்தி ஒரு நிலையில் இல்லை. பழக்க தோஷத்தில் கை மாட்டிவிட்டது. காவலாளியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், பலகையைக் கண்டதும் மறந்துபோனது. என்னை நம்புங்கள். அதுவும் சும்மா மாட்டிவிடவில்லை. வில்லை முழுக்கப் பல் தடமும் எச்சிலும். அறைக்குப் பின்னால் இருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிசுக்குப் போகவில்லை, மறுபடி கழுவினேன். கைக்குட்டையால் துடைத்து, காற்றில் காயவிட்டு, அதன்பிறகுதான் மாட்டினேன். நாளைக்கு இன்னொருவர் கையில் எடுக்கிற பொருள் இல்லையா.