அருங்காட்சியகத்துக்கு வந்த வாடகைப் பலகை

அவையை அழகு செய்யும் தலைவர் அவர்களே, இந்த அருங்காட்சியகத்தை அன்போடு காக்கும் அம்மையார் அவர்களே, அகவையாலும் அறிவாலும் மூத்த பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, இவர் எப்போது முடிப்பார் என்று கதவோரம் காத்து நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இதோ, என் கையில் ஒரு தகரப் பலகை. 'வீடு வாடகைக்கு.' கீழே ஒரு தொலைபேசி எண். எண்ணை மறைத்துவிட்டோம், யாரும் வீடு கேட்டுக் கூப்பிட வேண்டாம்! இன்னாருக்கு வீடு கிடையாது என்று இதில் எழுதியிருக்கிறதா? இல்லை. ஆனாலும் பலரைத் திருப்பி அனுப்பிய பலகை இது.

இங்கே வாரந்தோறும் பெரியவர்களுக்கு மனித உரிமை வகுப்பு நடத்துகிறேன். பெரியவர்களுக்கு எதற்கு வகுப்பு என்கிறீர்களா? வீட்டை வைத்திருப்பது யார்? வேலையைக் கொடுப்பது யார்? வெறுப்பைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது யார்? பெரியவர்கள்தானே!

பழைய தொலைபேசிகள் வைத்த அறையில் ஒரு பயிற்சி. இருவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வீடு கேட்பவராகவும் வீட்டுச் சொந்தக்காரராகவும் பேச வேண்டும். அன்று வீடு கேட்டவர், நிஜத்தில் மாடியை வாடகைக்கு விடும் ஓர் அம்மா. சொந்தக்காரராகப் பேசியவர் ஒரு செவிலியர். தங்கியிருந்த விடுதியில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடாததால், மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வீடு தேடி அலைந்தவர்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்றார் செவிலியர்.

"அதெல்லாம் எதுக்குங்க?"

"சும்மாதான் கேட்டேன். சரி, எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுக் கூப்பிடுறேன்."

சிரிக்கிறீர்கள்! உங்களில் யாருக்காவது அந்த அழைப்பு வந்ததா?

அம்மா சட்டென்று திரும்பினார். "இது நான் சொல்றதாச்சே!"

"ஆமாக்கா. எங்கிட்ட நீங்க சொன்னதுதான். வகுப்புக்கு வந்த முதல் நாளே உங்க குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன். அப்புறம் வீட்டுக்காரர் என்னதான் சொன்னாரு?"

"அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சும்மா."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "மாடி மறுபடியும் காலியாத்தான் கிடக்கு. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துடும்மா."

"வேணாம்க்கா. வேற இடம் கிடைச்சிடுச்சு. ஆனா என் பொண்ணுக்கு மொதப் பல்லு விழுந்தப்ப நான் பக்கத்துல இல்ல. அதை எப்படித் தருவீங்க?"

அன்பர்களே! உரிமை பறிபோகும்போது எப்போதும் ஓசை கேட்பதில்லை. அடித்துப் பறிப்பது உண்டு, அதட்டிப் பறிப்பது உண்டு. அன்பான குரலில், அடக்கமான சொல்லில், 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று பறிப்பதும் உண்டு! அதைச் சொல்லத்தான் இந்தப் பலகை இங்கே நிற்கப் போகிறது.

அடுத்த வாரம் அந்த அம்மாவே இதைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டீர்களா என்றேன். "விட்டுட்டேன். முதல்ல கூப்பிட்டவங்களுக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், எப்ப வர்றீங்கன்னு."

அவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். செவிலியரும் வந்திருக்கிறார், ஆனால் பக்கத்தில் அல்ல, நான்கு வரிசை தள்ளி. மன்னித்துவிட்டீர்களா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருடைய உரிமை.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் உங்கள் தொலைபேசி ஒலிக்கலாம். முதல் கேள்வியை யோசித்துக் கேளுங்கள். வணக்கம்.