மேலே தூவ வேண்டாம்

கோடையில் வெந்நீர் குடிக்க வைப்பதுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் இருப்பதிலேயே கடினமான வேலை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி கொளுத்தும்போது ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்தால், ஏதோ தண்டனை கொடுக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள். மூன்றாவது வாரத்தில் பழகிவிடும். ஊருக்குத் திரும்பும்போது சிலர் ஃபிளாஸ்க்கே வாங்கிக்கொண்டு போவார்கள். நீங்கள் இப்போது ஊற்றிக் கொடுத்ததும் அந்த நினைவு வந்தது. நன்றி, ஐயா. மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் ருவான் பெய்யிங். வயது நாற்பத்தொன்பது. ஷாவ்ஷிங்கில் எங்கள் கல்லூரி நடத்தும் கோடைக்காலப் படிப்புக்குப் பதின்மூன்று வருடங்களாக நான்தான் பொறுப்பு. சீன வணிகமும் பண்பாடும், ஆறு வாரம். காலையில் வகுப்பு: பெயர் அட்டையை எப்படி இரண்டு கையாலும் நீட்டுவது, விருந்தில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது, விலை பேசும்போது எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருப்பது. பிற்பகலில் தூரிகை எழுத்து, தேநீர். வாரத்தில் ஒருநாள் தொழிற்சாலை. பிள்ளைகளுக்குச் சீனம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. முதலாளிகளுக்கு ஆங்கிலம் அதுவும் வராது. நடுவில் நான்.

முதல் வருடமே என் வேலை என்னவென்று புரிந்துகொண்டேன். சாயப்பட்டறை முதலாளி ஷென் விருந்து வைத்திருந்தார். ஒரு பையன் சாராயக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவரோட ஆட்கள் ஏன் முகமூடி இல்லாம அந்த நாத்தத்துல நிக்கறாங்க?" என்று கேட்டான். நான் சீனத்தில், "இவ்வளவு வெயிலிலும் உங்கள் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வியக்கிறான்" என்றேன். ஷென் சிரித்துக் கிண்ணத்தை உயர்த்தினார். பையனும் உயர்த்தினான். இருவரும் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று நான் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. எங்கள் ஆற்று மீனில் முள் அதிகம். விருந்தாளிக்கு முள்ளை எடுத்துவிட்டுத்தானே தட்டில் வைக்கிறோம்.

பதின்மூன்று வருடத்தில் ஒருவர்கூட மனம் நொந்து போனதில்லை. கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.

லினேயாவைப் பற்றிக் கேட்டீர்கள். சுவீடன் பெண், இருபது வயது. இந்த வருடம் வந்த பதினாறு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான். வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்காருவாள். அறிக்கை எழுத உதவும் என்று எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொள்வாள். நிலக்கடலை அவளுக்கு ஆகாது. ஒரு துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். அதைச் சீனத்தில் அச்சடித்துக் கல்லூரி கொடுத்த அட்டையைக் கடைக்குக் கடை காட்டித்தான் சாப்பிடுவாள். கூடவே இரண்டு ஊசிமருந்துக் குழல்கள். மூச்சு திணறினால் தொடையில் குத்திக்கொள்ள வேண்டியவை. இந்த ஊர் வெயிலில் மருந்து கெட்டுவிடுமோ என்று பயந்து, வெளியே போகும் நாட்களில் அவற்றை என் குளிர்ப்பையில் வைக்கலாமா என்று அவளே கேட்டாள். நான் வைத்துக்கொண்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம் ஷென் பட்டறைக்குப் போனோம். பிள்ளைகள் துணி உலர்த்தும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சாயத்தொட்டிப் பக்கமிருந்து ஒரு தொழிலாளிப் பெண் வந்து லினேயாவின் கையைப் பிடித்தாள். ஹோவ் சாய்ஷியா என்று பெயர். மேற்கே குய்ச்சோ மலைப்பக்கத்துக்காரி. கை மணிக்கட்டுவரை நீலமாக இருந்தது.

"எம் புருசன் இங்க கழிவுக் குழியில எறங்கித்தான் செத்தாரு பாப்பா. விசவாயு. காப்பாத்த எறங்கின இன்னொருத்தரும் போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் மாரடைப்புன்னு எழுதிட்டாங்க. நீ வெளிநாட்டுப் பொண்ணு, வெளிய சொல்லு" என்றாள்.

லினேயா என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில், "இவளும் கணவரும் இங்கேதான் சேர்ந்து வேலை செய்கிறார்களாம். அவர் மிகவும் நல்லவராம்" என்றேன்.

லினேயா சிரித்தாள். நிஜமான சிரிப்பு, கண்வரை போகும் சிரிப்பு. சாய்ஷியாவின் நீலக் கையை இரண்டு கையாலும் குலுக்கி, "ரொம்ப சந்தோசம், ரொம்ப சந்தோசம்" என்று தெரிந்த சீனத்தில் சொன்னாள். சாய்ஷியா அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கையை உருவிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து லினேயா என் அறைக்கு வந்தாள். அறிக்கைக்காகப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். இப்போது போனிலேயே ஒரு செயலி இருக்கிறது, பேசியதை அப்படியே வேறு மொழியில் எழுதிக் காட்டிவிடும். அவள் கோபப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"டீச்சர், அன்னைக்கு மெஷின் சத்தத்துல உங்களுக்குச் சரியா கேக்கலை போல" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"நான் சிரிச்சேன் டீச்சர். அவங்க புருசன் செத்துப்போனதைச் சொல்றாங்க, நான் சிரிச்சுக் கை குலுக்கியிருக்கேன். அவங்களை ஒரு தடவை பாத்து மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் சனிக்கிழமை அறிக்கை வாசிக்கிறப்போ எல்லார் முன்னாடியும் இந்தப் பதிவைப் போடப் போறேன்."

சனிக்கிழமை என்பது நிறைவு நாள். கல்லூரித் தலைவர் வருவார், நகராட்சியிலிருந்து வருவார்கள், ஷென் முன்வரிசையில் இருப்பார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவள், வாசலில் நின்று, "இனிமே உங்களுக்குச் சிரமம் வேணாம் டீச்சர். பேசறதுக்கு இந்த போனே போதும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. பதின்மூன்று வருடத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை என்பதால் நினைவிருக்கிறது.

அன்று மாலை ஷென்னுக்குப் போன் செய்தேன். சாய்ஷியாவுக்கு ஊர் நினைப்பு அதிகமாகிவிட்டது, அனுப்பிவிடுவது அவளுக்கே நல்லது என்றேன். அவர் விவரம் கேட்கவில்லை. "டீச்சரம்மா, நீங்க இருக்கிறவரைக்கும் எனக்கென்ன கவலை" என்றார். மறுநாள் விடியும் முன்பே அவளைப் பட்டறை வண்டியில் ஏற்றி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். எங்கே இறக்கிவிட்டார்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதிவு போனில் இருந்தது. போனை எடுத்துவிடலாம், ஆனால் அவள் கேட்டுவிட்டாளே. அதை எப்படி எடுப்பது? பட்டறையில் நானூறு பேர் வேலை செய்கிறார்கள். கோடைப்படிப்பு நின்றுபோனால் அடுத்த வருடம் வரவிருக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? லினேயாவும்தான் வாழ்நாள் முழுக்க அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பெண். எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

புதன்கிழமை அவளுடைய கடலை அட்டை சட்டைப்பையோடு சலவை இயந்திரத்தில் போய்க் கூழாகிவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவள் என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு அட்டை எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள். நல்ல தாள் எடுத்து, தூரிகையால், எழுத்துகள் ஒன்றோடொன்று இழையும் வேக எழுத்தில் எழுதினேன். மை காய்ந்ததும் அவள் அதன்மேல் போனைப் பிடித்துப் பார்த்தாள். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"உங்க கையெழுத்து போனுக்கே புரியலை டீச்சர்" என்று சிரித்தாள். "கடலை, வேண்டாம். இந்த ரெண்டு வார்த்தைதான் காட்டுது."

"அந்த ரெண்டு வார்த்தை போதுமே" என்றேன்.

அந்த உறையில் நீங்கள் வைத்திருப்பது அதே அட்டைதான். நூடுல்ஸ் கடைக்காரி சுவரில் ஒட்டி வைத்திருந்தாளாமே. எழுத்து அழகாக இருந்ததால் என்று சொன்னாளா? இருக்கும். உங்களுக்கும் வேக எழுத்து வாசிக்க வராவிட்டால் நானே வாசித்துவிடுகிறேன்: "மேலே நிலக்கடலை தூவ வேண்டாம். மற்றபடி எதுவானாலும் சாப்பிடுவேன்."

வியாழக்கிழமை மதியம் சாய்ஷியா சாப்பாட்டு வேளையில் வருவாள் என்று சொல்லி, பட்டறைக்குப் பின்சந்தில் இருக்கும் சின்னக் கடைக்கு லினேயாவை அழைத்துப் போனேன். லினேயா வழியெல்லாம் 'மன்னிச்சிடுங்க அக்கா' என்பதைச் சீனத்தில் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். ஏற்ற இறக்கம் சரியாக வரவில்லை. நான் திருத்தினேன். கடை வாசலில் நிற்கும்போது நன்றாகவே சொன்னாள்.

அந்தக் கடையில் கோடைக்கு ஆறவைத்த நூடுல்ஸ் போடுவார்கள். எள்ளுச் சாந்து ஊற்றி, வெள்ளரி சீவிப் போட்டு. எள்ளுச் சாந்து என்று பேர்தானே தவிர, எள் இரண்டு கரண்டி என்றால் கடலை எட்டுக் கரண்டி. பல வருடம் சாப்பிட்டிருக்கிறேன், கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். லினேயா அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தபடியே.

கடைக்காரி வாசித்துவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சில் என்னிடம், "மேல தூவ வேணாமாம், சரி. சாந்துலயும் கடலை இருக்கே டீச்சர், பரவால்லையா பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பரவாயில்லை" என்றேன்.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் லினேயா.

"காரம் போடலாமா என்று கேட்கிறாள்."

"கொஞ்சமா" என்றாள்.

சாய்ஷியா வருகிறாளா பார்க்கிறேன் என்று சொல்லி, குளிர்ப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே கற்பூர மரம் ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் நின்றேன். சிக்காடாப் பூச்சிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் உள்ளே நாற்காலி விழுந்தது கேட்கவில்லை. கேட்டது, ஆனால் தெளிவாகக் கேட்கவில்லை.

கடைக்காரி ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். லினேயா தரையில் இருந்தாள். முகம் தடித்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையை என் தோள் பக்கம் நீட்டினாள். "பை" என்றாள். "டீச்சர், பை." குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"என்ன சொல்லுது பொண்ணு?" என்று கடைக்காரி பதறினாள்.

"வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடுமாம்" என்றேன்.

கடைக்காரி நல்லவள். ஈரத்துண்டு கொண்டுவந்து நெற்றியில் போட்டாள், விசிறினாள், "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லினேயா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மேசையில் இருந்த போனை எடுக்கக் கை நீட்டினாள். நான் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தனியாக இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றக்கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு. அப்போது அவள் கை தளர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

ஆமாம், ஐயா. அட்டையைத் தெரிந்தே அப்படி எழுதினேன். சாந்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே சாப்பிடவைத்தேன். மருந்து என் தோளில் இருந்தது, அவள் கேட்டதும் எனக்குப் புரிந்தது. லினேயாவைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் நாளைக் காலை வருகிறார்கள் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நீங்கள் பேசுவதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கும். தெரியாத யாரையாவது உட்காரவைத்தால், நான் இங்கே சொன்னது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொல்லிவிடுவார்கள். பெற்றவர்கள், பாவம், எப்படித் தாங்குவார்கள்? என்னைக் கூப்பிடுங்கள். நான் பக்குவமாகச் சொல்கிறேன்.