கசக்காத கஞ்சி

— அதனாலதான் சொல்றேன், அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வை. பூங்காவுக்கு நாப்பது பேர் வருவாங்க. மாத்திரை இல்லாம கொழுப்பைக் குறைச்சது எப்படின்னு நான்தான் பேசணும்.

— என் தம்பி செத்து இன்னும் ஒரு மாசம் ஆகலைங்க.

— அதுக்கு? நான் பேசாம இருந்தா எழுந்து வந்துடுவானா?

— உங்க பேச்சைக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தான்.

— இந்தா, மறுபடி ஆரம்பிக்காதே. நான் சொன்னதை அவன் ஒழுங்கா செய்யலை. நாள் பூரா தையல் மெஷின் முன்னாடி குந்திக்கிட்டிருந்தா எப்படிக் கரையும்? கணக்கு சிம்பிள். எனக்கு இருநூத்தி எண்பத்தி நாலு இருந்தது. ஒன்றரை வருஷத்துல நூத்தி எழுபத்தி ரெண்டு. அதே நடை, அதே கஞ்சி. என் உடம்புல வேலை செஞ்சது அவன் உடம்புல மட்டும் செய்யாதா?

— ஒழுங்கா செய்யலைன்னு மட்டும் சொல்லாதீங்க. பஸ்ஸை விட்டுட்டு கடைக்கு நடந்தே போனான். எண்ணெயை விட்டான், சிகரெட்டை விட்டான். மக பிறந்தநாள் கேக்கை மோந்து பார்த்துட்டு வச்சுட்டானாம், அவன் பொண்டாட்டி சொல்லி அழுவுறா. துணி அளவு எழுதுற நோட்டு இருக்கே, அதுல எவனோ ஒருத்தன் இடுப்பளவுக்குப் பக்கத்துல ‘இன்னைக்கு ஆறாயிரம் அடி நடந்தேன்’னு எழுதி வச்சிருக்கான்.

— அப்புறம் ஏன் நெஞ்சு அடைச்சுதாம்?

— டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டானே.

— நானா நிறுத்தச் சொன்னேன்?

— ‘என்னைப் பாருடா மச்சான், ஒத்த மாத்திரை தொட்டதில்லை’ன்னு அவன் வீட்டுல கால் மேல கால் போட்டுக்கிட்டுச் சொன்னது யாரு?

— உண்மையைத்தானே சொன்னேன்? கணக்கு சிம்பிள். தொட்டதில்லைன்னா தொட்டதில்லை.

— அது உண்மை இல்லைங்க.

— எது?

— டாக்டர் உங்களுக்கு எழுதின மருந்துச் சீட்டைக் கசக்கிக் குப்பையில போட்டீங்களே, அதை எடுத்து நீவி வச்சுக்கிட்டேன். தினம் ஒரு மாத்திரை. டம்ளர் அடியால நசுக்கி உங்க கஞ்சியில போட்டுக் கலக்கினேன்.

— விளையாடாதே.

— காலி அட்டையெல்லாம் மாவு டப்பாவுக்குப் பின்னால கிடக்கு. போய் எண்ணிக்குங்க.

— ஒன்றரை வருஷமாவா?

— எத்தனை தரம் கெஞ்சினேன்? ‘என்னை நோயாளியாக்கப் பார்க்கிறியா’ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. எனக்கு நீங்க உயிரோட வேணும். வேற வழி தெரியலை.

— அப்போ அந்தக் கசப்பு?

— மாத்திரையோடது. ஆளி விதைப் பொடின்னு சொன்னேன். நம்பிட்டீங்க.

— பார்க்கிறவன் கிட்டல்லாம் சொன்னேனேடி. ஆளி விதை நாக்குல கசக்கணும், அந்தக் கசப்புலதான் சூட்சுமமே இருக்குன்னு. உன் தம்பிகிட்டயும்...

— சொன்னீங்க. அவனும் எழுதி வச்சுக்கிட்டான்.

— நான் பெருமையடிக்கும்போதெல்லாம் பக்கத்துல வாயைத் திறக்காம நின்னியே.

— நின்னேன். வேலையில உங்களுக்கு அப்புறம் வந்தவன்லாம் உங்களைத் தாண்டிப் போனான். வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்து உட்காருவீங்க. இந்த ஒண்ணுலதான் ஜெயிச்ச மனுஷன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தீங்க. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலை.

— என்கிட்ட மறைச்சே, சரி. கூடப் பிறந்தவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. பாவி, அவன் ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருந்தா...

— கேட்டான்.

— எப்போ?

— போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணினான். ‘அக்கா, மாமா சொன்னபடிதான் காய்ச்சறேன், எனக்கு மட்டும் கஞ்சி கசக்கவே மாட்டேங்குதே, ஏன்கா’ன்னான். நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிட்டிருந்தீங்க.

— நீ என்ன சொன்னே?

— ‘ஆளி விதையை இன்னும் கொஞ்சம் கருக வறுத்து அரைடா, கசக்கும்’னு சொன்னேன்.